எதைச் செலவென்று எழுதுவது?

கையால் இயக்கும் கடைசலிலிருந்து முழுத் தானியக்கக் கடைசலுக்கு எப்போது மாறுவது என்ற வினாவுக்கு உற்பத்திப் பொறியியல் தரும் விடை எளிய வகுத்தலே. ஒருமுறை மட்டும் நேரும் கூடுதல் செலவை உருப்படி ஒன்றுக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால், இரு முறைகளுக்கும் செலவு சமமாகும் எண்ணிக்கை கிடைக்கும். புரோகிராம் எழுதவும் ஃபிக்ஸ்சர் எனப்படும் பிடிப்பமைப்பைச் செய்யவும் 20,000 ரூபாய் பிடித்து, எந்திரத்தின் விலையையும் மணிக்கணக்கில் பிரித்துச் சேர்த்த பின்னும் உருப்படியின் அடக்கம் 150 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக இறங்குமானால், 200 உருப்படிக்கு மேல் ஆர்டர் உள்ளவர் மாறிவிடலாம். கணக்கில் பிழையில்லை, ஆனால் எதை, யாருடைய செலவாக எழுதுவது என்பது கணக்கு தொடங்குமுன்பே முடிவாகிவிடுவதால், வினா அறவியலுக்குள் வந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தானியக்கத்துக்கு இரு வழிகள் இருந்தன. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைக் கையால் கடையும்போது எந்திரத்தின் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, பின்னர் அப்படியே இயக்குவது ஒன்று. வரைபடத்திலிருந்து அசைவுகளை எண்களாகக் கணித்துத் துளைநாடாவில் ஏற்றும் எண்வழிக் கட்டுப்பாடு மற்றொன்று. விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி. உருவாக்கி 1952இல் இயக்கிக் காட்டிய இம்முறையே நிலைத்தது. இதற்குச் செலவுக் கணக்கு மட்டும் காரணமன்று, பட்டறையின் பிடியை நிர்வாகத்தின் கைக்கு மாற்றும் விருப்பமும் காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபில் 1984இல் வாதிட்டார். விமான இறக்கையின் வளைபரப்பைக் கையால் கடைந்து பதிவது அரிது என்ற மறுப்பு வலுவானதுதான். ஆனால் சாதாரண தண்டுக்கும் வளையத்துக்கும் அது பொருந்தாது.

வெட்டும் உளியின் ஓசை மாறுவதைக் கேட்டும், வெட்டுச்சுருள் நீலம் பாய்வதைக் கண்டும், அளவுகோலை எடுக்குமுன்பே ஊட்டம் எனப்படும் உளியின் நகர்வேகத்தைக் குறைக்கும் தொழிலாளியின் அறிவு ஏட்டில் மணிக்கூலியாக மட்டுமே பதிவாகிறது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்காயராகப் பயின்ற ஜே.சி. குமரப்பா, பணவிலை ஒரு பொருளின் முழு மதிப்பையும் காட்டாது என்று வலியுறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. நாற்பத்தைந்து வயதில் அந்த அறிவுக்கு வேலையில்லாமற் போனால், இழப்பு பட்டறையின் ஏட்டில் அன்று, வீட்டின் ஏட்டில் விழுகிறது. ஆயினும் எழுதப்படாத பத்தி எப்போதும் எந்திரத்துக்கு எதிராகவே நிற்பதில்லை: இரவு ஷிப்டில் கூலண்ட் எண்ணெயில் ஊறிப் புண்ணாகும் கைகளும், தூக்கக்கலக்கத்தில், உருப்படியைப் பிடித்துச் சுழலும் சக்கில் சிக்கும் சட்டைக்கையும் அதே ஏட்டில் இடம்பெறாதவை, தானியக்கம் அவற்றைக் குறைக்கும்போது வரும் ஆதாயத்தையும் எந்த வகுத்தலும் காட்டுவதில்லை.