பிடிக்க வேண்டாமென்று வேலையாளே சொன்னால்

சம்பள நாளில் கல்லாவுக்கு முன்னே நின்று வேலையாள் மெதுவாகச் சொல்லும் பேச்சொன்றை நம் வியாபாரச் சகோதரர்கள் யாவரும் கேட்டிருப்பார்கள். “முதலாளி, சேமநிதிக்குப் பிடிக்க வேண்டாம். அதையும் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.” பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, வீட்டு வாடகை, தங்கையின் நிக்காஹ் என்று அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்தப் பேச்சை வேலையாளின் வாயில் தாமே போட்டுக் கொடுக்கும் முதலாளிகளும் உண்டு. அவர்களைப் பற்றி நாம் இங்கே எழுதவில்லை.

சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை என்பது தெரிந்ததே. ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இருந்து வருகிறது. முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி அதைத் தள்ளிவைக்க முடியாது. ஆனால் அதிகாரி வந்து கேட்கும் கேள்வி வேறு, நம் மனம் கேட்கும் கேள்வி வேறு. ஹக்குடையவர் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் கடன் தீரும் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோமே, அது இங்கே பொருந்துமா?

நமக்குக் கைவந்தது கணக்கு. அதையே முதலில் பார்ப்போம். 60 வயதுக்குட்பட்ட உள்நாட்டுத் தொழிலாளி ஒருவருக்குச் சம்பளம் 2,000 வெள்ளி. அவரிடம் பிடிப்பது நூற்றுக்கு 11 வீதம், அதாவது 220 வெள்ளி. நம் பங்கு நூற்றுக்கு 13 வீதம், 260 வெள்ளி. ஆக 480 வெள்ளி, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அவர் பெயரில் போய்ச் சேர வேண்டும். “பிடிக்க வேண்டாம்” என்று அவர் சொன்னது எதை? தம்முடைய 220 வெள்ளியைத்தான். நம்முடைய 260 வெள்ளியைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. அப்படியொரு தொகை தமக்கு வர வேண்டியிருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அவர் வேண்டுகோளைச் சாக்கிட்டு அது நம் கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. ஓராண்டுக்கு 3,120 வெள்ளி! எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறியாதவரின் தலையசைப்பை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? தராசைக் காட்டாமல் நிறுத்துக் கொடுத்த சரக்கை நாம் வாங்குவோமா?

“சரி, அந்த 260-ஐயும் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்” என்று நாணயமான முதலாளி ஒருவர் சொல்லலாம். இங்கேதான் விஷயம் கடினமாகிறது. முப்பது வயதில் நம் முன் நின்று பணம் கேட்பவரின் தேவை கண்ணுக்குத் தெரிகிறது. அதே மனிதர் ரொட்டிக்கல்லின் முன் முப்பது வருஷம் நின்று கால் ஓய்ந்து போனபின் என்ன கேட்பார் என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. சொக்சோவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவு. வேலைக்கு வரும் வழியில் அவர் விபத்தில் மௌத்தானால் உதவித்தொகை பெற வேண்டியவர் அவர் மனைவி. அந்த அம்மாளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் சேமநிதியா இருந்தது என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஒரே சஹனில் உண்டு, கடையிலேயே படுத்து, சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைத்து, ஊருக்குக் கப்பலேறும்போது கணக்கு முடித்து வாங்கிப் போனவர்கள் அநேகர். அந்தப் பாசத்தை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் அது அந்த முதலாளி உயிரோடிருக்கும் வரைதான். அவருக்குப் பின் வாரிசுகள் ஏட்டைப் புரட்டுவார்கள். எழுதியிருந்தால் அது கடன். பாகம் பிரிக்குமுன் கொடுபட வேண்டியது. “இவனுக்கு நல்லது செய்ய வேண்டும்” என்று மனத்தில் நினைத்திருந்தது எந்த ஏட்டில் இருக்கும்?

நம் பேராக் தோட்டப்புறங்களும் இதைக் கண்டவைதாம். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு லயத்து வீடும் போயிற்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். நல்ல துரை கொடுத்த வாக்கு துரையோடு கப்பலேறிவிட்டது. தொழிலாளியின் பெயரில் சேமநிதியில் இருந்த பணம் மட்டும் தோட்டத்தோடு கைமாறவில்லை.

ரமளானில் ஜக்காத்தாகக் கொடுத்து ஈடுகட்டிக் கொள்கிறோம் என்பது வேறொரு சமாதானம். கொடுக்க வேண்டிய கடனை ஜக்காத்துக் கணக்கில் எழுத முடியாது என்பதை ஆலிம்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கடை வாடகையும் சரக்கு விலையும் ஏறிக் கிடக்கின்றன. 2025 ஆகஸ்ட் முதல் சிறு கடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கஷ்டம் நமக்கும் உண்டு. ஆனால் அந்த 260 வெள்ளியைக் கட்டாமல்தான் கடை ஓடுகிறதென்றால், யாருடைய முதலில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சேமநிதி கட்டாயமாகிவிட்டது. இரு தரப்புக்கும் நூற்றுக்கு 2 வீதம். 2,000 வெள்ளிக்கு 40-ம் 40-ம். “பெர்மிட் முடிந்தால் போகிறவனுக்கு இது எதற்கு முதலாளி?” என்று அவர்களும் கேட்பார்கள். நாட்டை விட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கிச் சொல்வது நம் வேலை. கப்பல் காலத்துக் கணக்கு முடிப்பு போன்றதே இதுவும். பணம் நம் கையில் இல்லை என்பதொன்றே வித்தியாசம். தங்கையின் நிக்காஹ் அடுத்த மாதமே என்றால் வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்து, சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.