சொல்வளம் யார்பொருட்டு?

ஆங்கிலம் கற்ற நம்மவரிடையே அரிய சொற்களைச் சேர்க்கும் ஆசை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. நாளொன்றுக்கு 10 சொற்கள் வீதம் அகராதியிலிருந்து எடுத்து நெட்டுருப் போடுவோரை எமது ஸ்ரீ கெம்பாங்கானிலும் காணலாம். ஆசை நன்றே. ஆயின், அச்செல்வத்தை யார்பொருட்டுச் சேர்க்கின்றோம் என்று நம்மை நாமே வினவிக்கொண்டதுண்டா?

யான் ஒரு தோட்டக் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன். அயல் தோட்டத்து முதிய தொழிலாளி ஒருவர், தமது சம்பளத்தில் ஒரு பகுதி கைக்கு வராமை குறித்து மனு எழுதித் தருமாறு என்னை வேண்டினார். யான் கற்ற அருஞ்சொற்களையெல்லாம் கோத்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இவர் வேண்டுவது யாது?" என்ற ஒற்றைக் கேள்வியோடு மனு திரும்பி வந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து நோக்க எனக்கு நாணமாயிருந்தது.

அதன் பிறகே அவரை அமர்த்தி, நடந்ததைக் கேட்டேன். "நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள், கிராணி ஐயா, கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை" என்றார். 'டிடக்ட்' என்பது ஒரு கணக்கிற்காகப் பிடித்துக்கொள்ளுதல்; 'வித்ஹோல்ட்' என்பது கொடாமல் நிறுத்திவைத்தல்; 'ஃபார்ஃபிட்' என்பது உரிமையையே இழத்தல். நமக்கு இவை மூன்று சொற்கள். அவருக்கோ உலையிலிடும் அரிசியின் அளவு. எந்தச் சொல் பொருந்தும் என்பதை அகராதி எனக்குக் கூறவில்லை, அவரே கூறினார். இரண்டாம் மனு ஆறே வரிகளில் முடிந்தது.

நிற்க, 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். வெள்ளைத் துரைமார் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டுவதில்லை என்பது தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்று. அதனைக் கூற அருஞ்சொல் ஒன்றேனும் வேண்டியிருந்ததா? 'ஆசிய அலுவலர்' என்பதில் கிராணிமாரும் அடங்குவர் என்பதை நாம் மறக்கலாமா? அவருட் சிலர் கற்ற ஆங்கிலம் தொழிலாளிக்குத் துணையாகாமல், அவரை இறக்கி நிறுத்தும் அதிகாரமாயிற்று என்பதன்றோ அதன் பொருள்?

ஆதலின், இளைஞர்களே! ஆங்கிலச் சொற்களை ஏராளமாகக் கற்பீர்களாக. நல்ல நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் அது நின்ற வாக்கியத்தோடு குறித்து வைப்பீர்களாக. பின்னர், ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் சென்று அதன் பொருளைத் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர் விளங்கிக்கொண்டாலன்றி, அச்சொல்லை நாம் கற்றுவிட்டதாகக் கொள்ளற்க.