வெள்ளைத் துண்டு

என் அம்மாவின் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர். பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான். சித்திரை பிறந்தால் தண்ணீர் மடையை விட்டு இறங்கிவிடும். வெடித்த தரையில் ஒரு பக்கம் ஆடு மேயும், இன்னொரு பக்கம் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். வயலுக்குப் போட வண்டல் மண்ணை டிராக்டரில் அள்ளிப் போவார்கள். நடுவில் முழங்காலளவு கலங்கல் தண்ணீர் மிஞ்சும். விரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் அதற்குள்தான் நெருக்கியடித்துக் கிடக்கும்.

அப்போதுதான் மீன்பிடித் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் விடியும் முன்பே ஊத்தா, கச்சா, வலை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரையில் வந்து நிற்பார்கள். பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். காவலுக்கென்று யாரும் கிடையாது. பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்பது வழக்கம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய பொதுவளங்களின் துயரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு இன்னொரு மாட்டை ஓட்டிவிடுவார்கள், கடைசியில் எல்லோருக்கும் நிலம் போய்விடும் என்கிறார். கணக்கு சரிதான். ஆனால் எங்கள் கரையில் காத்து நின்ற கூட்டம் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. எலினார் ஆஸ்ட்ரம் அப்படிப்பட்ட கூட்டங்களைத்தான் ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் வாய்க்கால்கள், பிலிப்பைன்ஸின் பாசனக் குழுக்கள் என்று பார்த்து 1990இல் புத்தகம் எழுதினார். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கே அதைப் பேசி மாற்றும் இடமும் இருக்கும் ஊர்களில் பொதுச்சொத்து நீடித்திருக்கிறது என்றார். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது. எங்க ஊருக்கே கொடுத்த மாதிரி எனக்குப் பெருமை.

ஆனால் அந்தப் பெருமையை உறுத்துகிற ஒரு கோடை உண்டு. நான் ஒன்பதாவது முடித்த வருஷம் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்டார்கள். பணம் கோயில் திருப்பணிக்கு. ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்தது. என் தாய்மாமாவும் சரியென்றவர்தான். குத்தகைக்காரர் வெளியூர். குஞ்சு வாங்கி விட்டார், காவலுக்கு ஒரு ஆளையும் போட்டார். ஒரு ராத்திரி மாமா வலையோடு போய் அரைச் சாக்கு மீனோடு திரும்பினார். முந்தின வருஷம் துண்டு வீசும் முன்னே தண்ணீரில் கால் வைத்தேன் என்று என் முதுகில் அறைந்த அதே மாமா.

"மாமா, இது திருட்டில்லையா?"

"யாரு வீட்டு மீனுடா மாப்ள? நம்ம கண்மாயி."

மறுநாள் காலையில் காவல்காரர் வந்தார். வயசானவர். திண்ணையில் உட்கார்ந்து, மீன் போனதற்கு முதலாளி தன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அம்மா மோர் கொடுத்தாள். உள்ளே குழம்பு கொதிக்கும் வாசம் திண்ணை வரைக்கும் வந்தது. மாமா வெளியே வரவேயில்லை.

ஆஸ்ட்ரம் கேட்ட நிபந்தனை இங்கே இருந்தது. விதியைப் போட்டதில் மாமாவுக்கும் பங்குண்டு. அப்படியும் அவர் மீறினார். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். திருவிழாவில் முந்திக்கொண்டால் நஷ்டம் பக்கத்தில் நிற்கிற பங்காளிக்கு. நாளைக்கும் அவன் முகத்தில் முழிக்க வேண்டும். குத்தகைக்காரருக்கு முகமில்லை. கரையில் நாங்கள் காத்து நின்றது நேர்மையா, சொந்தபந்தத்துக்குச் செய்த மரியாதையா? இரண்டாவதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மரியாதை சின்ன விஷயமில்லை, ஒரு கண்மாயையே காப்பாற்றியது. ஆனால் 'நம்ம' என்ற சொல் முடிகிற இடத்தில் அதுவும் முடிந்துபோகிறது.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நண்பனிடம் வாங்கிய நூறு ரூபாயை நான் மறந்ததில்லை. ஆனால் வருமான வரியைக் குறைக்க, கொடுக்காத வாடகைக்கு அப்பாவிடம் ரசீது எழுதி வாங்கி ஆபீஸில் கொடுத்திருக்கிறேன், இரண்டு வருஷம். அதற்காக யார் சம்பளத்தில் பிடித்தார்களோ, அந்த ஆள் என் வீட்டுத் திண்ணைக்கு வரப்போவதில்லை. எனக்கு வசதியாக இருந்ததே அதுதான்.

அன்றைக்கு அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.