ஒரு பாய் அகலம்



2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது பள்ளிவாசல்களில் பாங்கு ஒலித்தது, ஜமாஅத் இல்லை. தமிழகத்தில் பெரிய பள்ளிகளும் திறந்தது செப்டம்பர் 1-ல்தான். அந்த ரமலானின் தராவீஹ் முழுவதும் வீட்டோடு போயிற்று.

“வீட்டில் எங்கே ஹஜ்ரத் தொழுவது?” என்று ஆரணியில் கூலிக்குத் தறி நெய்யும் ஒரு சகோதரர் கேட்டார். வீம்புக்குக் கேட்கவில்லை. ஒரே கூடம், அதில் முக்கால் பங்கு தறி. மிச்சத்தில் அடுப்பு, பிள்ளைகள், இரவில் படுக்கை. கல்யாணங்கள் தள்ளிப்போயின, பட்டும் ஜரிகையும் வந்து சேரவில்லை, ஏற்றிய பாவு தறியிலேயே நின்றது. கூலி நின்ற வீட்டில் பேச்சும் தடிக்கும். பள்ளியில் சற்று உட்கார்ந்து வந்தால் மனம் ஆறும். அந்த வாசலும் அடைத்துக் கிடந்தது.

நாயகம் (ஸல்) அவர்களின் வீடு எவ்வளவு பெரியது? அன்னை ஆயிஷா (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. இரவில் அன்னையார் படுத்திருக்க, நாயகம் தொழுவார்கள். ஸஜ்தாவுக்கு இடம் போதாது. கையால் தொடுவார்கள், அன்னையார் காலை மடக்கிக்கொள்வார்கள், நாயகம் எழுந்து நின்றதும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். துன்பம் நேர்ந்தால் தொழுகையின் பக்கம் விரைந்த நபிக்கு, இருட்டில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இத்பான் பின் மாலிக் (ரலி) கண்பார்வை குன்றியவர். மழை பெய்தால் ஓடை பெருகி, தம் கூட்டத்தாரின் பள்ளிக்குப் போக முடியாது. “என் வீட்டில் ஓரிடத்தில் தாங்கள் தொழுதால் அதையே தொழுமிடமாக்கிக்கொள்வேன்” என்று வேண்டினார். நாயகம் அபூபக்கர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். உட்காரும் முன்பே, எந்த இடம் என்று கேட்டு, அவர் காட்டிய மூலையில் இரண்டு ரக்அத் தொழுதார்கள். பிறகே விருந்து: இறைச்சியும் மாவும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி.

இதற்குச் சுவர் வேண்டாம், மிஹ்ராப் வேண்டாம். இடம் சுத்தமாக இருந்தால் போதும். பள்ளிவாசலுக்குரிய சட்டமும் இதற்கில்லை. தேவைப்பட்டால் இடத்தை மாற்றலாம், படுக்கலாம், உண்ணலாம். ஹனபி மத்ஹபில் பெண்கள் இஃதிகாஃப் இருப்பதே வீட்டின் இந்த இடத்தில்தான். ஷாபிஈ மத்ஹபில் அவர்களுக்கும் பள்ளிவாசல் வேண்டும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: பள்ளி திறந்திருக்கும் காலத்தில் வீட்டு மூலையைக் காட்டி ஃபர்ளின் ஜமாஅத்தை விடுவதற்கு இத்பானை இழுக்க வேண்டாம். அவருக்குக் கண் தெரியாது, நடுவே ஓடை. நமக்கு என்ன? சுன்னத்தும் நஃபிலும் வீட்டில் இருக்கட்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “வீட்டில் கேட்டுப் பாருங்கள்” என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. அரிசிக் குதிருக்குப் பின்னால் என் தாயார் தொழுத மூலையை நான் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சகோதரர் மறுநாள் வந்தார். தறிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் அகலம் இருக்கிறதாம். நூல்கூடையை நகர்த்திவிட்டு அவர் மனைவி கல்யாணமான நாள் முதல் அங்கேதான் தொழுகிறாராம். “பதினாறு வருஷம், ஹஜ்ரத். நான் கவனிக்கவேயில்லை” என்றார். அன்றைய இஷாவுக்கு அவர் அங்கே நிற்க, மனைவியும் மகளும் பின்னால் அடுப்போரம் நின்றிருக்கிறார்கள்.

இப்போது பள்ளிக்கு ஐந்து நேரமும் வருகிறார். அந்தப் பாயும் அங்கேதான் கிடக்கிறது. தஹஜ்ஜுதுக்கு யார் முதலில் எழுகிறார்களோ அவர்களுக்கு.