முரசுக்குள் இருந்த மனிதர்கள்

கண்டி நகரை அடுத்த எமது பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "நடனப் படங்களுள் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, சேர்?"

1948ஆம் ஆண்டு எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய 'சந்திரலேகா' என்றேன். அதன் முரசு நடனத்துக்காகவே அப்படத்தைப் பன்முறை பார்த்தவன் நான். அரியணையைக் கவர்ந்த சசாங்கன், சந்திரலேகாவை மணக்க முனைகிறான். அவன் முன்னே பெருமுரசுகளின் மீது நங்கையர் ஆடுகின்றனர். அவனும் மகிழ்ந்து நோக்குகிறான். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் திறக்கின்றன. மறைந்திருந்த வீரர்கள் பாய்ந்து வருகின்றனர்.

அவன் நடனத்தை ரசித்தது குற்றமன்று. முரசைக் கண்டவன், அதனுள் மனிதர் இருக்கக்கூடும் என எண்ணவில்லை. நாம் மட்டும் எண்ணுகிறோமா?

நமது ஊரையே எடுத்துக்கொள்வோம். 1934இல் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப் படத்தை எடுத்தார். அதன் இறுதிப் பகுதியில் வரும் கண்டிய நடனம் உலகின் பாராட்டைப் பெற்றது. அப்படத்துக்கு ஆதரவளித்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அந்த முரசைத் திறந்து பாருங்கள்: உள்ளே இருப்பது கொழுந்து கிள்ளிய கரங்கள். அக்கரங்களுக்கு உரியோரிற் பெரும்பாலோர் 'சந்திரலேகா' வெளிவந்த அதே 1948இல், பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டிய நடனத்தையும் மேளத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் பெரவா சாதியினர். பெரஹராவிலே அவர்களின் கலைக்குக் கைகூப்பிய சமூகம், வீட்டு முற்றத்திலே அவர்களைத் தாழ்ந்தோராய் நிறுத்தியது. சிங்களவரைச் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் தோட்டங்களிலே காமன் கூத்துக்குத் தப்பு வேண்டும். இழவு வீட்டுக்கும் தப்பு வேண்டும். தப்படிப்பவனுக்குச் சமமான ஆசனம் மட்டும் வேண்டாமா?

"கலையை நுகரும் வேளையில் கணக்குக் கேட்பது ரசிகனுக்கு அழகா?" என நண்பர் சிலர் வினவுவர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முரசு நடனத்தை இரண்டாம் முறை பாருங்கள். உள்ளே மனிதர் இருப்பதை இப்போது அறிவீர்கள். ஒவ்வோர் அடியும் முன்னிலும் வலிமையாக நெஞ்சில் விழும். அறிவதனால் ரசனை குன்றுவதில்லை. அது முழுமை பெறுகிறது. அறிந்தபின் வாளாவிருப்பதே அறக்கேடு. ரசனைக்கும் ஒரு கடன் உண்டு.

இவற்றையெல்லாம் வகுப்பிலே உற்சாகமாகப் பேசி முடித்தேன். மணி அடித்து யாவரும் சென்றபின், கேள்வி கேட்ட அந்த மாணவி மேசையருகே வந்து நின்றாள். "எங்கள் தாத்தா தப்படிப்பவர், சேர். இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை" என்றாள்.

அவளை மௌனம் காக்க வைத்த பாடசாலையிலே நானும் பல ஆண்டுகளாக ஆசிரியன். திரையிலே முரசு திறந்த கணத்தில் கைதட்டிய எனக்கு, என் வகுப்பறையில் மூடிக்கிடந்த முரசு தெரியவில்லை. ஆசிரிய நண்பர்களே, அச்சிறுமி தன் தாத்தாவின் தொழிலை எல்லோர் முன்னிலையிலும் தலைநிமிர்ந்து சொல்லும் நாள்வரை, நமது ரசனை சசாங்கனின் ரசனையே.