நகரும் வீடும் நிலைத்த கடனும்

மனிதன் ஓரிடத்தில் வாழ்கிறான் என்று கூறுமிடத்து, அவனை அவ்விடத்தோடு பிணைப்பது யாது? அத்திவாரமா, காணி உறுதியா, நெடுநாட் பழக்கமா, அன்றி அயலில் வாழ்வோரா? வீடு என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே மண்ணில் ஊன்றி நிற்கும் சுவர்களே பெரும்பாலும் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின் தமிழில் அச்சொல் உறைவிடத்தை மட்டும் குறிப்பதன்று, விடுதலையையும் குறிக்கும். உறைதலும் விடுபடுதலும் ஒரு சொல்லுள் அடங்கியிருத்தல் சிந்தனைக்குரியது. இவ்விரண்டையும் ஒருங்கே எய்த முயல்வோர் இன்று ஐக்கிய அமெரிக்காவிற் பலர் உளர்.

இவர்கள் தம் வீட்டை விற்று, கட்டிலும் அடுப்பும் மலகூடமும் நீர்த்தாங்கியும் அமைந்த மோட்டார் வண்டியொன்றில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள். ஆர்.வி. என்னும் ஈரெழுத்தால் அவ்வண்டி சுட்டப்படும். ஓய்வுக்கால உல்லாசப் பயணத்துக்கென ஆக்கப்பட்ட வாகனம் என்பதே அப்பெயரின் பொருள். நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி அதன் அகலம் எட்டரை அடிக்கு மேற்படல் ஆகாது. அவ்வகலத்துக்குள்ளேயே இருவரது வாழ்வு முழுவதும் அடங்கவேண்டும். குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைநிலத்துக் குவாட்சைற் போன்ற ஊர்களை நாடிச் செல்லுதலும், கோடையில் வடக்கே திரும்புதலும் இவர்களுட் பலரது வழக்கம். மத்திய அரசுக்குரிய திறந்தவெளிகளிற் பொதுவாக இருபத்தெட்டு நாட்களுள் பதினான்கு நாட்களே ஓரிடத்தில் தங்கலாம். அதன்பின் வண்டி நகர்ந்தேயாக வேண்டும். இவர்கள் அனைவரும் இவ்வாழ்வை விரும்பி மேற்கொண்டோர் எனக் கருதுதல் தவறு. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் வீட்டை இழந்து, முதுமையிற் பருவகாலக் கூலி வேலை தேடி வண்டியேறியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூல் விரிவாகப் பேசுகின்றது. வாடகை கொடுக்க இயலாமையால் அலைபவனுக்கும், வாடகை கொடுக்க வேண்டாமெனத் துணிந்து அலைபவனுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மறந்து சுதந்திரத்தைப் புகழ்தல் தகாது.

விரும்பி வண்டியேறியோருள், தம் சமய விதிகளைப் பேணும் யூதத் தம்பதியர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்க யூதர்களுட் பெரும்பாலார் அவ்விதிகளை நுணுக்கமாகக் கைக்கொள்வதில்லை. அவர்களுக்கு இவ்வண்டி வெறும் வண்டியே. பேணுவோர்க்கோ அது ஒரு வினாவாகிவிடுகின்றது. ஏனெனில், உறைவிடம் எது, அதன் எல்லை யாது, ஒருவன் எப்பொழுது ஓரிடத்துக்கு உரியவனாகின்றான் என்பவற்றை யூத சமயச் சட்டத்தைப்போல் நுணுகி ஆராய்ந்த மரபுகள் சிலவே. ‘அலையும் யூதன்’ என்ற பழங்கதை இவ்விடத்து நினைவுக்கு வருதல் கூடும். அதனை விலக்கிவிடுதல் நன்று. யேசுவை இகழ்ந்தவன் முடிவின்றி அலையச் சபிக்கப்பட்டான் என்பது கிறித்தவ ஐரோப்பா புனைந்த கதை. 1602இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த சிறு பிரசுரமொன்றினாற் பெரிதும் பரவியது. 1492இல் ஸ்பானியாவிலிருந்து யூதர் துரத்தப்பட்டமை வரலாறு. இத்தம்பதியர் சபிக்கப்பட்டவருமல்லர், துரத்தப்பட்டவருமல்லர். வீட்டின் சாவியைத் தாமே கையளித்தவர்கள்.

அவர்களது அன்றாட வாழ்வின் இடர்கள் சமையலிலேயே தொடங்குகின்றன. இறைச்சியும் பாலும் கலத்தல் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். வசதியுள்ள வீடுகளிற் கழுவுதொட்டிகளும் இரண்டாயிருக்கும். வண்டியிலோ தொட்டி ஒன்று, அலுமாரி ஒன்று, தாங்கியில் உள்ள நீரும் சில நாட்களுக்கே போதுமானது. எளிய வழி இறைச்சியை அடியோடு நீக்கிவிடுதலாகும். அன்றேல், இறைச்சியை வண்டிக்கு வெளியே தனியடுப்பிற் சமைத்துக் கடதாசித் தட்டில் உண்ணலாம். பாஸ்காப் பண்டிகைக்கு முன்னிரவில் மெழுகுதிரி ஏந்தி, புளித்த மாவின் துணிக்கைகளை வீடெங்கும் தேடவேண்டும் என்பது விதி. முப்பதடி நீள வண்டியில் இத்தேடல் விரைவில் முடிந்துவிடும் எனத் தோன்றும். சாரதியின் ஆசனத்துக்கும் தடுப்புக்கும் இடையே ஓராண்டுக் காலம் விழுந்த பிஸ்கற் துகள்களைக் கண்டோர் அவ்வாறு கூறார்.

ஆயின் சமையல் இடப்பற்றாக்குறை பற்றிய பிரச்சினையே. சிற்றறையில் வாழும் எவருக்கும் அது உண்டு. இவ்வாழ்வுக்கே சிறப்பாக உரிய வினா ஓய்வுநாளில் எழுகின்றது. வெள்ளிக்கிழமைச் சூரிய மறைவு முதற் சனிக்கிழமை விண்மீன் தோன்றும்வரை, மிஷ்னா என்னும் பழைய சட்டத்தொகுதி எண்ணிக் கூறும் முப்பத்தொன்பது வகைத் தொழில்களும் விலக்கப்பட்டுள்ளன. தீ மூட்டல் அவற்றுள் ஒன்று. இயந்திரத்தின் உள்ளே எரிவதும் தீயே ஆதலின் வைதிகர் அன்று வண்டியோட்டார். (செபக்கூடத்துக்குச் செல்லும் பொருட்டு மட்டும் ஓட்டலாமென மரபுபேண் பிரிவினரின் சட்டக்குழு 1950இல் இசைவளித்தது, வைதிகர் அதனை ஏற்கவில்லை.) ஆகவே, வெள்ளி பிற்பகலுக்குள் வண்டி எங்கேனும் நின்றுவிடுதல் வேண்டும். சூரியன் மறையும் நேரமும் அவர்களுடன் கூடவே நகர்கின்றது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் யூன் மாதத்திற் சூரியன் இரவு பதினொரு மணிக்குப் பின்னரே மறையும். தெற்கே அரிசோனாவில் அதே மாதத்தில் எட்டு மணிக்குள் மறைந்துவிடும். நிலையான வீட்டில் வாழ்வோன் பழக்கத்தால் அறிவதை இவர்கள் வாரந்தோறும் கணக்கிட்டு அறிகின்றனர்.

நின்றபின்னரும் பணிகள் முடிவதில்லை. குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்தால் மின்குமிழ் எரியும். அதனை முன்கூட்டியே கழற்றிவைத்தல் வேண்டும். தாங்கியிலிருந்து நீர் பெறுவதாயின், குழாயைத் திருகியதும் மின்பம்பி தானாக இயங்கும். எனவே ஒருநாட் தேவைக்கான நீரைச் சாடிகளில் நிரப்பிவைத்தல் வேண்டும். முகாம்களின் குழாய்நீரோடு வண்டியை இணைத்துவிட்டால் இவ்விடர் இல்லை. பாலைவெளியிலேதான் அது உண்டு. தங்கிய இடத்தின் எல்லையிலிருந்து இரண்டாயிரம் முழம், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், அதற்கப்பால் நடத்தலும் ஆகாது. அசையாத வீட்டில் வாழ்வோனுக்கு இவ்விதி பெரும்பாலும் உறைப்பதில்லை. அவன் எங்கே போகப்போகிறான்? சில்லுகளின்மேல் வாழ்வோனுக்கோ வாரத்தில் ஒருநாள் அவனுடைய வாழ்வின் அடிப்படையே நிறுத்திவைக்கப்படுகின்றது. எங்கும் செல்லலாம் என்பதற்காகவே வீட்டை விற்றவன், ஏழு நாட்களுள் ஒருநாள் தான் நிற்குமிடத்தை இடமென ஒப்புக்கொள்ள வேண்டியவனாகின்றான். இஃது அவ்விதியின் கொடுமை எனக் கூறுவார் உளர். அந்த ஒருநாள் இல்லையெனில் அவன் பயணம் செய்த ஊர்களுள் ஒன்றேனும் அவனுக்கு ஊராயிருந்திராது என்று கூறுதலே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அசையும் பொருள் ஓர் இடமாகுமா என்ற ஐயம் மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. கி.பி. 200ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. இத்தாலியின் பிரிந்திசித் துறையெனக் கருதப்படும் ஓரிடத்திலிருந்து அறிஞர் நால்வர் கப்பலிற் புறப்பட்டனர். ஓய்வுநாளன்று கப்பல் கடலிற் சென்றுகொண்டிருந்தது. கமாலியேலும் எலியாசர் பென் அசரியாவும் கப்பல் முழுவதும் உலாவினர். யோசுவாவும் அக்கிவாவும் தாம் நின்ற இடத்தின் நான்கு முழத்துக்கப்பால் அசையவில்லை. முன்னைய இருவர்க்கும் கப்பலின் சுவர்களே வீட்டின் சுவர்கள். அவற்றைச் சுமந்து செல்லும் கடல் கணக்கிலில்லை. பின்னைய இருவரோ அவ்வாறு உறுதிகொள்ளவில்லை. எனினும், அவர்கள் மற்றையோரைக் குற்றவாளிகளாக்கினர் என்று மிஷ்னா கூறவில்லை. தம்மளவிற் கடுமையை மேற்கொள்ள விரும்பினர் என்றே கூறுகின்றது. ஒரே தளத்தில் இருவர் உலாவவும் இருவர் நிற்கவும் பயணம் நடந்திருக்கின்றது. ஐயம் தீராத இடத்தும் ஒருங்கே வாழமுடியும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

அக்கிவா பற்றித் தல்மூத் கூறும் பிறிதொரு கப்பற் செய்தியும் உண்டு. கூடாரப் பண்டிகையின்போது அவர் கப்பலின்மேற் குடிலொன்று அமைத்தார். மறுநாட் காற்று அதனை வாரிக்கொண்டு போயிற்று. அக்கிவாவே, உமது குடில் எங்கே என வினவினாராம் கமாலியேல். ஏளனம் தொனிக்கும் வினாவே. எனினும் விதி அக்கிவாவின் பக்கமே நின்றது. வண்டியின் மேலோ கப்பலின் மேலோ அமைக்கும் குடில் செல்லும் என மிஷ்னா தெளிவாகக் கூறுகின்றது. ஆயின், உபாகமத்தின் இரு பகுதிகளை எழுதிய தோற்சுருளைக் கதவுநிலையிற் பொருத்தும் மெசூசா வழக்கத்துக்கு வரும்போது விதி மாறுகின்றது. யோசேப்பு காரோ தொகுத்து 1565இல் வெனிஸ் நகரில் அச்சான ‘ஷுல்ஹான் அருக்’ என்னும் சட்டநூல், கப்பலில் உள்ள உறைவிடத்துக்கு மெசூசா வேண்டியதில்லை என்கிறது. இதில் முரண்பாடு இல்லை. குடில் தற்காலிகமானதாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் இயல்பு. கதவுநிலையோ நிலைத்த உறைவிடத்தின் அடையாளம். இடர்ப்பாடு யாதெனின், தம்பதியரின் வண்டி அமைப்பால் தற்காலிகமானது, வாழ்வால் நிலைத்தது. அவர்களுக்கு வேறு வீடு இல்லை. இக்காலச் சட்ட அறிஞர் இது குறித்து ஒருமித்த கருத்துடையரல்லர். மெசூசாவைப் பொருத்துக, ஆனால் பொருத்தும்போது கூறவேண்டிய ஆசியுரையைக் கூறற்க என்பது அவர்களுட் சிலர் காட்டும் வழி. கடமை என்று உறுதியாகாத ஒன்றைக் கடமையென இறைவன்முன் சொல்லாது, ஆயினும் அதனைச் செய்துவிடுதல் என்னும் இவ்வழி, ஐயத்தை மறைக்காத நேர்மையுடையது.

இஸ்ரவேலுக்கு வெளியே வீட்டை வாடகைக்குக் கொண்டவன் முப்பது நாட்கள்வரை மெசூசா பொருத்தவேண்டியதில்லை என்பது இன்னொரு பழைய விதி. முப்பது நாட்கள் தங்கியவனே குடியிருப்பாளன். அரசு இதனை வேறுவகையில் அளக்கின்றது. வண்டிவாழ்வோர் பலர் தம் சட்டபூர்வமான முகவரியைத் தென் டக்கோற்றா மாநிலத்தில் வைத்துள்ளனர். அங்கு ஓர் இரவு தங்கியமைக்கான பற்றுச்சீட்டும், தபாலைப் பெற்று அனுப்பும் நிலையமொன்றின் முகவரியும் இருந்தாற் சாரதி அனுமதிப்பத்திரம் பெற வழியுண்டாயிற்று. வாக்காளராகப் பதிவதற்கு முப்பது நாள் வதிவு வேண்டுமென 2023இல் அம்மாநிலம் சட்டமியற்றியபோது இவர்களுட் பலர் வருந்தினர். எந்த ஊரின் பாடசாலைக்கும் வீதிக்கும் முகங்கொடுக்காதவர் அவ்வூரின் வாக்கைக் கோருதல் முறையா என்னும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாட்டின் குடிமகனாக இருந்தும் எந்த ஊரிலும் வாக்கற்றவனாதல் முறையா என்பதும் அத்துணை வன்மையுடையதே. கூடவே குறிப்பிடத்தக்கது: ஐம்பது மாநிலங்களுள் லுபாவிச் இயக்கத்தினர் தம் நிலையத்தை இறுதியாக நிறுவியது தென் டக்கோற்றாவிலேயே, அதுவும் 2017இலேதான். கடதாசியில் அவ்யூதத் தம்பதியரின் ஊராயிருப்பது யூதர் மிகச் சிலரே வாழும் மாநிலம்.

இவ்விடத்திலேதான் வினா தன் உண்மையான வடிவை எய்துகின்றது. ஊரிழந்த யூதருக்கு அவர்களுடைய திருநூலே கையிற் கொண்டு செல்லத்தக்க தாயகம் என்னும் கருத்தை ஜெர்மானியக் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே வெளியிட்டார். அழகிய கருத்தே; ஆயின் முழுவதும் பொருந்துவதன்று. நூலைச் சுமக்கலாம்; பாத்திரங்களையும் மெழுகுதிரிகளையும் மெசூசாவையும் சுமக்கலாம். பொதுத்தொழுகைக்கு வளர்ந்தோர் பதின்மர் வேண்டும். வைதிகர் ஆண்களையே எண்ணுவர்; சீர்திருத்தப் பிரிவினரும், 1973ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பின்னர் மரபுபேண் பிரிவினரிற் பெரும்பாலாரும் பெண்களையும் எண்ணுவர். எவ்வாறு எண்ணினும், வண்டியில் இருப்போர் இருவர் அல்லது ஒருவரே. எஞ்சிய எண்மரை அல்லது ஒன்பதின்மரைச் சுமந்து செல்ல எந்த வண்டியிலும் இடமில்லை.

சாதாரண நாட்களில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையே. அவருள் ஒருவரது தந்தை இறந்துவிட்டார் எனக் கொள்ளலாம். மகன் பதினொரு மாதம் நாள்தோறும் கதீஷ் என்னும் துதியைக் கூறுதல் வழக்கு. அதனைத் தனித்துக் கூறல் இயலாது. பதின்மர் கூடிய இடத்திலேயே கூறவேண்டும். மரணம் என்ற சொல்லே அத்துதியில் இல்லை. துயருற்றவன் தன் துயரத்தோடு தனித்திருத்தலை இவ்விதி அனுமதிப்பதில்லை. எழுந்து, ஆடையணிந்து, பிறர்முன் நிற்குமாறு அவனைப் பணிக்கின்றது. இப்பொழுது பயணத்தின் வரைபடம் முற்றாக மாறிவிடும். மலைகளும் நீர்வீழ்ச்சிகளும் வழியைத் தீர்மானித்த நிலை போய், காலைத் தொழுகைக்குப் பதின்மர் கூடும் ஊர்கள் எவை என்பதே வழியைத் தீர்மானிக்கும். சிற்றூர்ச் செபக்கூடங்கள் பலவற்றில் ஒன்பதின்மர் கூடிப் பத்தாமவனுக்காக வாயிலை நோக்கியிருப்பர். வண்டியில் வந்திறங்கியவன் அங்கு பெருமகிழ்ச்சியோடு வரவேற்கப்படுவான். அவன் யாரெனவும் பலர் கேளார், எண்ணிக்கை நிறைந்தது. மறுநாள் அவன் போய்விடின் மீண்டும் ஒன்பதின்மரே.

பெறுவோனாக எங்கும் செல்லலாம். எதிர்பார்க்கப்படுபவனாக எங்கும் செல்லுதல் இயலுமா? அயலான் எனப்படுபவன் பக்கத்தில் இருப்பவன் மாத்திரமல்லன், நாளையும் இருப்பான் என நம்பத்தக்கவன். நிலையான வீடுகளில் வாழ்ந்தும் ஒருநாளேனும் பத்தாமவனாகச் செல்லாதோர் பலர் என்பது உண்மையே. அத்திவாரம் எவரையும் நல்ல அயலாராக்கிவிடுவதில்லை. எனினும், நிலையான வீட்டில் இருப்பவனது கதவை விடியற்காலையிற் சென்று தட்டலாம். அவன் வராதிருப்பது அவனது குறையாகக் கணிக்கப்படும். வண்டியில் வாழ்பவன் வராதிருப்பது குறையாகவும் கணிக்கப்படமாட்டாது. அவனை எவரும் தேடார். கடன்படாமையே விடுதலை எனின் அவன் விடுதலை பெற்றவனே. அவ்விடுதலையின் விலை அவன் தந்தையை இழந்த காலையிலேதான் அவனுக்குத் தெரியவருகின்றது.

அத்தகைய வேளையிற் சிலர் பயணத்தை நிறுத்திவிடக்கூடும். செபக்கூடத்துக்கு நடந்து செல்லத்தக்க தொலைவில் ஒரு முகாமில் வண்டியை நிறுத்தி, சில்லுகளின் அடியில் மரக்கட்டைகளை வைத்துவிடுவர். முப்பது நாட்கள் கழியும், மாதங்கள் கழியும். மழைநாட்களிலும் காய்ச்சல்நாட்களிலும் மகன் போய் நிற்பான். பிறருடைய துயரத்துக்கும் அவன் பத்தாமவனாவான். ஒருநாள் அவன் தாமதித்தால் யாரேனும் முகாமுக்கு வந்து கதவைத் தட்டவும் கூடும். பதினொரு மாதம் நிறைந்தபின் அம்மரக்கட்டைகளை அகற்றுவதா என்று இருவரும் ஆலோசிப்பர். வீட்டை விற்ற அன்று அவர்களுக்கு இருந்திராத ஒரு கடன் இப்போது இருக்கின்றது.