கதிரவனா, கடிகாரமா?

"பொழுதோடு உண்டு முடி" என்பது நம் இல்லங்களில் குழந்தைகள் எழுத்தறியும் முன்னரே அறிந்துகொள்ளும் கட்டளை. என் தாயார் எனக்குச் சொன்னார். நான் என் மக்களுக்குச் சொன்னேன். அவர்கள் தம் மக்களுக்குச் சொல்கின்றனர். ஆசிரியர் பயிற்சி பெற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் சிறுவர்க்குப் பாடம் சொன்னவள் நான். ஒரு விதியைக் கற்பிக்கும்போது அதன் காரணத்தையும் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு வலியுறுத்துவார்கள். இந்த ஒரு விதியை மட்டும் காரணம் ஆராயாமலே மூன்று தலைமுறைக்குக் கடத்திவிட்டேன் என்பது, சென்ற ஆண்டு என் பேத்தி நார்வே நாட்டிலிருந்து கேட்ட ஒரு கேள்வியால்தான் எனக்கு விளங்கிற்று.

அவள் வானிலையியல் பயிலும் முதுகலை மாணவி. இரு பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு மாணவரை ஒரு பருவத்துக்கு மாற்றிக்கொள்ளும் முறையில், ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை பெர்கன் நகரில் படிக்க அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. கட்டணத்தை இங்கே செலுத்திவிட்டு அங்கே படிக்கலாம். அங்கே பெறும் மதிப்பெண் இங்கே சேர்த்துக்கொள்ளப்படும். பெர்கன் மேற்குக் கடற்கரையில் மலைகளுக்கிடையே அமைந்த துறைமுக நகரம். ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். 1917இல் வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்னும் அறிஞர் அங்கு வந்து, புயல்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதைத் தம் மாணவர்களோடு ஆராய்ந்தார். இன்று நம் தொலைக்காட்சியில் கேட்கும் வானிலை முன்னறிவிப்புக்கு அந்த ஆராய்ச்சியும் ஓர் அடிப்படை. ஆதலின் அவள் அவ்வூரை விரும்பியதில் வியப்பில்லை.

உறவினர் சிலர் தடை சொன்னார்கள். சமந்தபத்திர ஆசாரியர் திக்விரதம் கூறுமிடத்தில் கடலையும் ஓர் எல்லையாகக் குறித்திருக்கிறாரே, கடல் கடப்பது தகுமா என்றார் ஒரு பெரியவர். எல்லை வகுத்துக்கொண்டவர்க்கே அந்த எல்லை. அவள் இன்னும் திக்விரதம் ஏற்கவில்லை என்று பணிவுடன் விடை கூறினேன். அவருடைய மகன் துபாயில் இருப்பதை நான் நினைவூட்டவில்லை.

அந்நகரின் செல்வம் மீனால் வந்தது. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் பிடித்துக் குளிர்காற்றில் உலர்த்திய காட் மீனைக் கப்பல்களில் பெர்கனுக்குக் கொண்டுவருவார்கள். ஜெர்மானிய ஹான்சா வணிகர் அதனைப் பெற்றுக்கொண்டு தானியம் கொடுப்பார்கள். அவர்களுடைய பண்டகசாலைகள் நின்ற துறைமுக வரிசையைப் பிரிக்கென் என்கின்றனர். தீக்கிரையாகி மீண்டும் மீண்டும் கட்டப்பட்ட அந்த மர வீடுகளை 1979இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. தொலைபேசியில் அவள் அனுப்பிய படங்களைப் பார்த்து முதலில் முகம் சுளித்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். நெல்லும் உளுந்தும் துவரையும் விளையும் மண்ணில் பிறந்து கொல்லாமையைக் காப்பது எனக்கு எத்துணை எளிது! பாறையும் பனியுமான கரையில், தானியத்துக்கே கப்பலை எதிர்பார்த்திருந்த மக்களிடம் இந்த அறத்தை நான் எந்த வாயால் பேசியிருப்பேன்? கொலை கொலைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் என் தூய்மையில் ஒரு பகுதி என் முயற்சியால் வந்ததன்று, வந்தவாசிப் பக்கத்து ஏரிகளால் வந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்போது அவ்வூர்க் கடைகளில் பருப்பும் அரிசியும் கிடைக்கின்றன. விடுதிப் பொது அடுக்களையில் தனக்கெனத் தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு பேத்தி சமைத்தாள்.

உணவில் அவளுக்கு இடர் வரவில்லை; பொழுதில்தான் வந்தது.

ஆகஸ்டு நடுவில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்குக் கதிரவன் மறைகிறது. வகுப்பும் நூலகமும் முடித்து எட்டு மணிக்கு அவள் உண்பாள். "பாட்டி, வெயில் அடிக்கிறது, உண்ணலாமா?" என்று கேட்டாள். "வெயில் இருக்கும்போது என்ன தடை?" என்றேன் மகிழ்ச்சியாக. நவம்பரில் நிலை மாறிற்று. ஒரு நாள் நம் நேரம் இரவு ஒன்பதுக்குப் பேசினாள்; அங்கே மாலை நாலரை. "பாட்டி, இங்கே முழுதும் இருட்டிவிட்டது. வகுப்பு இப்போதுதான் முடிந்தது. டிசம்பரில் மூன்றரைக்கே மறைந்துவிடுமாம். நான் என்ன செய்ய?" அவள் குரலில் பசி தெரிந்தது. நான் சிறிதும் தயங்காமல், "ஆறு மணிக்குள் உண்டுவிடு, நம் ஊரில் அதுதானே பொழுது" என்றேன்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "ஆகஸ்டில் ஆறு மணிக்கு மேல் உண்டேனே பாட்டி, அது அப்போது குற்றமில்லை என்றீர்களே" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வெயில் நீண்டபோது கதிரவனை அளவுகோலாகக் கொண்டேன். வெயில் குறுகியபோது கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி வைத்திருக்கும் வணிகனை நாம் என்னவென்று சொல்வோம்? அவ்வாறு அளப்பது அசௌரிய விரதத்துக்கு மாசு என்று நானே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ ஒரு மணி அளவே மாறுகிறது. ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்னிருந்து ஆறே முக்காலுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கதிரவனும் கடிகாரமும் கைகோத்து நடக்கும் நாடு இது. ஆகவே இரண்டில் எதனை நாம் பின்பற்றுகிறோம் என்று கேட்டுக்கொள்ள நமக்குத் தேவையே ஏற்பட்டதில்லை. அறுபது பாகை வடக்கே சென்ற ஒரு பெண்ணுக்கு அவை இரண்டும் பிரிந்துவிட்டன. கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் உறுதியான பிடிப்பன்று. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அந்நாட்டார் கடிகாரத்தையே ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுகின்றனர். அரசாணையால் நகரும் ஒன்றின்மேல் விரதத்தைக் கட்டுவது எங்ஙனம்?

கதிரவனைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே காலை ஒன்பதே முக்காலுக்கு உதயம், மாலை மூன்றரைக்குச் சற்று முன் மறைவு. நம் மரபுப்படி உதயத்துக்குப் பின் இரண்டு நாழிகையும் மறைவுக்கு முன் இரண்டு நாழிகையும் விலக்கினால், உண்பதற்கு எஞ்சுவது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். உடல்நலமுள்ளவர்க்கு அது முடியாததன்று. நம் முனிவர்கள் ஒரு நாளைக்கு ஒரே வேளை ஏற்கின்றனர். ஆனால் அவர்கள் பனியில் நடந்து வகுப்புக்குப் போவதில்லை என்று என் மனம் உடனே வாதாடிற்று. பாட்டியின் மனம் அப்படித்தான் வாதாடும்.

காரணத்தை ஆராயலாம் என்று நூல்களை எடுத்தேன். இருளில் நுண்ணுயிர்கள் கண்ணுக்குப் புலப்படா. விளக்கேற்றினால் பூச்சிகள் வந்து விழும் என்பது நாம் அறிந்த காரணம். டிசம்பர் மாதத்துப் பெர்கனில், அடைத்த சாளரத்துக்குள் மின்விளக்கின் கீழ், பேத்தியின் தட்டில் எந்தப் பூச்சி விழப்போகிறது? இந்தக் காரணம் ஒன்றே என்றால் அவள் நள்ளிரவிலும் உண்ணலாம். கொசுவலை அடித்த சென்னை வீடுகளிலும் உண்ணலாம். ஆனால் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் பூச்சியோடு நின்றுவிடவில்லை. இரவில் உண்பவனிடம் வேட்கை மிகுதி என்பதையும் அவர் காரணமாக்குகிறார். அவ்வாறாயின் விரதம் காப்பது தட்டில் விழும் உயிரை மட்டுமன்று. உண்பவனின் ஆசைக்கும் ஒரு வேலி கட்டுகிறது. வேலியின் பயன் அது நகராமல் இருப்பதில்தானே?

இவ்வளவும் எண்ணி மறுநாள் அவளை அழைத்து, "நான் சொன்னது தவறு. எதைக் கொண்டாலும் ஒன்றையே கொள். உடம்புக்கு ஆகாதென்றால் விரதத்தை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிடு, காத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மாற்றாதே" என்றேன். அவள் முன்னரே முடிவு செய்திருந்தாள். "ஆகஸ்டின் வெயிலைத் தின்றுவிட்டேன் பாட்டி. டிசம்பரின் கடனைக் கட்டத்தான் வேண்டும்" என்றாள். பத்தரைக்கு ஒருமுறை, வகுப்பு இடைவேளையில் இரண்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து ஒருமுறை என்று வகுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அச்சமாகவும் இருந்தது.

இதனோடு நிறுத்தினால் பேத்தியின் புகழ் பாடியதாகிவிடும். நவம்பர் இறுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உடன் பயிலும் பெண் ஒருத்தியின் தாயார் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு விருந்துக்கு அழைத்தார். மீனில்லாமல், முட்டையில்லாமல், என்னென்ன ஆகாதென்று மகளிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு நாள் முயன்று சமைத்திருக்கிறார். இருட்டைப் பற்றி மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேத்தி சொல்ல மறந்திருக்கிறாள். மேசையில் எல்லாம் பரப்பி வைத்துவிட்டு அந்த அம்மையார் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இவள் உண்டாள்.

அன்றிரவே என்னை அழைத்துச் சொன்னாள். "விருந்தோம்பல் என்பதால் குற்றமில்லை என்று சொல்வீர்களா, பாட்டி?" என்று கேட்கவில்லை. "விரதம் முறிந்தது. நாளை உபவாசம் இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வெந்நீரோடு இருந்தாள்.

அவள் உண்டது சரியா என்று என்னை இன்றும் கேட்கிறார்கள். உண்ணாதிருந்தால் ஒரு தாயின் மனம் புண்பட்டிருக்கும், அதுவும் இம்சையே. முன்னரே சொல்லாமல் விட்டதுதான் பிழை. மேசைக்கு முன் அமர்ந்தபின் இரு பிழைகளில் ஒன்றையே அவளால் தேர்ந்திருக்க முடியும். ஆனால் ஒன்றில் எனக்குத் தெளிவுண்டு. நான் அவளுக்குக் கடிகாரத்தைக் கொடுத்தபோது விரதம் முறியவில்லை என்று நம்பிக்கொண்டே அதனை நகர்த்தினேன். அவள் முறித்தாள், முறித்ததை முறித்தது என்று சொன்னாள், வேலியை நகர்த்தவில்லை. இருவரில் விரதத்தைப் பெரிதும் சேதப்படுத்தியவள் நானே என்று எண்ணுகிறேன்.

ஜனவரியில் பொன்னூர் மலைக்கு அவளோடு சென்றிருந்தபோது இதனைப் பெரியோர் இருவரிடம் கூறினேன். ஒருவர் கதிரவனே பிரமாணம் என்றார். மற்றவர், பரத கண்டத்துக்கு வகுத்த விதியை அப்பால் நீட்டலாகாது என்றார். இருவரும் அறிந்தவர்களே. இவ்விதழைப் படிக்கும் கற்றோர் தம் கருத்தை எழுதியனுப்பினால் நன்றியுடையேன். காலம் அதிகமில்லை. அவள் தம்பிக்கும் இவ்வாறே ஒரு பருவம் கிடைத்திருக்கிறது. வரும் ஆகஸ்டில் அவன் புறப்படுகிறான். அவன் செல்லுமிடம் பெர்கனுக்கும் வெகு வடக்கே உள்ள ட்ரோம்சோ என்னும் துறைமுகம். அங்கே நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை கதிரவன் உதிப்பதேயில்லை.